கல்லறைச் சாவி யாரிடம்?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி வட்டாரச் சபைகளின் கமிட்டியாருக்கும், மூப்பர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கும்,

ஸ்தோத்திரம். இயேசுவுக்கே புகழ். பிரெய்ஸ் த லார்ட்.

மூன்றையும் எழுதிவிட்டேன், அவரவருக்குப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர் இதில் எதைச் சொல்கிறார் என்பதை வைத்தே, ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒன்றுமே சொல்லாமல் ஜன்னலோரம் போய்த் தூங்குகிறவர் பெரும்பாலும் எங்கள் சி.எஸ்.ஐ.காரர்.

இந்த மடலை ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் பாஸ்டர்களுக்கும் எழுதவில்லை. அவர்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. சி.எஸ்.ஐ. ஆயரும் கத்தோலிக்கக் குருவும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். தனிச் சபை நடத்தும் பாஸ்டருக்கு ஷெட் வாடகையும் ஸ்பீக்கர் செட் தவணையும் வருகிற நாற்பது ஐம்பது பேரை நம்பித்தான் ஓடுகிறது. பக்கத்துச் சபையோடு நெருங்கினால் நாற்பது முப்பதாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கத்தான் செய்யும். நாம் அப்படியல்ல. நம் வீட்டுக் கடன் இங்கே, ரேஷன் கார்டு இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. சாகப்போவதும் இங்கேதான். அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் ஓர் அம்மா இறந்துபோனார். பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் எடுத்தது சி.எஸ்.ஐ.யில். கணவர் கம்பி ஆலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். பிள்ளை உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களில் தினமும் வந்து ஜெபித்துவிட்டுப் போன ஒரு பெந்தெகொஸ்தே சபையோடு பிறகு சேர்ந்துகொண்டார். அங்கே முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தார். அவருடைய அண்ணன் கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்து அந்தப் பக்கம் போனவர். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, சாமியானா கட்டியாயிற்று, எங்கே அடக்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. பாஸ்டரின் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பழைய சபையின் கமிட்டியில் கேட்டால், பல வருஷமாகச் சந்தா கட்டவில்லை, வேறிடத்தில் முழுக்கு எடுத்தவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் இருக்கிறது என்றார்கள். அண்ணன் தன் பங்கில் போய்க் கேட்டார். தங்கச்சி பெயர் நம் பதிவேட்டில் இல்லையே என்று பதில் வந்தது. எந்தச் சபை, எந்தப் பங்கு என்று இங்கே எழுதப்போவதில்லை. விதிப்படி பார்த்தால் ஒருவரும் தவறு செய்யவில்லை.

சாமியானாவின் மூன்று மூலையில் மூன்று கூட்டமாக நின்றார்கள். மூன்று கூட்டத்திலும் போன் பேச்சு ஓயவில்லை. கடைசியில் ஏரிக்கரை ஓரத்துப் பஞ்சாயத்து இடுகாட்டில் குழி வெட்டினார்கள். மூன்றடி போனதும் ஊற்று சுரந்துவிட்டது. பழைய பெயிண்ட் வாளியால் தண்ணீரை இறைத்து, இறைக்க இறைக்க ஊறியதால் செங்கல் ஜல்லியைக் கொட்டி, அதன்மேல் பெட்டியை இறக்கினார்கள். வாளி பிடித்தவர்களில் மூன்று சபைக்காரரும் இருந்தார்கள். அந்த அம்மாவின் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், "எங்கம்மா கிறிஸ்டியன் இல்லையா அங்கிள்?" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை.

நான் சொல்லவருவது ஒன்றுதான். நம்முடைய விசுவாச வேறுபாடுகள் நம் காலத்தில் தீரப்போவதில்லை. தீர்ந்த பிறகு சேரலாம் என்று காத்திருந்தால் இந்தப் பெண்ணின் பிள்ளைகள் காலத்திலும் இதே வாளியோடு நிற்பார்கள். வேறுபாட்டை வைத்துக்கொண்டே, சாவு, கல்யாணம், சபை மாறுதல் ஆகிய இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்று உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதிக்கொண்டவர்கள் இதே மாகாணத்தில் இருந்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். "எல்லாரும் ஒரே சாமியைத்தானே கும்பிடறோம், விடுங்க" என்று தோளைத் தட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே ஆகாது என்று நம்புகிற பாப்டிஸ்டுக்கு அது விட்டுத்தள்ளக்கூடிய விஷயம் இல்லை. நம் ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திராவுக்குள் போனால் நெல்லூர். அங்கே 1840-ல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் வேலையைத் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்தின்போது ஓங்கோல் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேல் வெட்டும் காண்ட்ராக்டை எடுத்துப் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். நம் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஓடுகிற அதே கால்வாய்தான். கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, பஞ்ச நிவாரணம் நடந்த காலத்தில் அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பிறகு 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள். அந்த வழியில் வந்த ஒருவர் என் செக்‌ஷனில் லேத் ஓட்டினார். அவரிடம் போய்த் தெளிப்பும் முழுக்கும் ஒன்றுதான் என்று சொன்னால், ஆற்றில் இறங்கிய அவர் முப்பாட்டனாரைக் கேலி செய்வதாகும். நற்கருணையில் ஆண்டவரின் உடலே இருக்கிறது என்று முழந்தாளிடுகிற கத்தோலிக்கரிடம் எல்லாம் ஒரே அப்பம்தானே என்பதும் அந்த வகைதான். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற அட்வென்டிஸ்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லாமலே ஆராதிக்கிற இரட்சணிய சேனைக்காரர், ஊழியருக்கு வெள்ளுடையும் துறவும் விதித்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்காரர் என்று யாரை எடுத்தாலும், அவரவர் நிற்கும் இடத்துக்கு அவரவர் ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சின்னதாக்கிப் பேசுவது மரியாதை இல்லை.

சண்டையும் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பழவேற்காட்டில் போர்த்துகீசியர் காலத்தில், 1515-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே டச்சுக்காரர் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும், பார்த்திருப்பீர்கள். முன்னவர்கள் கத்தோலிக்கர், பின்னவர்கள் புராட்டஸ்டாண்டுகள். 1612-ல் போர்த்துகீசியர் வந்து டச்சுக்காரரின் பண்டகசாலையை அழித்தார்கள். மறுவருஷமே டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துகொண்டார்கள். துணிக்கும் மிளகுக்கும் நடந்த போட்டிதான், ஆனால் இரண்டு பக்கமும் வேதத்தைச் சாட்சிக்கு இழுத்தார்கள். தரங்கம்பாடியில் 1706-ல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய பிறகு சண்டை காகிதத்துக்கு மாறியது. தேம்பாவணி பாடிய அதே வீரமாமுனிவர், லூத்தரன்காரரை மறுத்து வேத விளக்கம், பேதகம் மறுத்தல் என்று உரைநடையில் வெளுத்து வாங்கியிருக்கிறார். தமிழ் உரைநடைக்கு அதனால் லாபம். சபைகளுக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி 1919-க்கு வருவோம். அதே தரங்கம்பாடியில் மே 1, 2 தேதிகளில் 33 பேர் கூடினார்கள். இரண்டே பேர் வெளிநாட்டார், அமெரிக்கர் ஷெர்வுட் எடியும் ஆங்கிலேயர் எச்.ஏ. பாப்லியும், மற்ற 31 பேரும் நம் நாட்டவர். முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். இவர் 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியது அந்தக் காலத்தில் பெரிய சலசலப்பு. நீங்கள் எங்களுக்காக உயிரையும் கொடுத்தீர்கள், பொருளையும் கொடுத்தீர்கள், சிநேகிதத்தை மட்டும் கொடுக்கவில்லை என்ற பொருளில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகச் சொன்னார். கொள்கை பற்றிய புகார் இல்லை அது. ஒரே மேஜையில் உட்காரவைக்கவில்லை, வீட்டுக்குள் கூப்பிடவில்லை என்ற புகார். தரங்கம்பாடியில் கூடியவர்களின் கேள்வியும் இந்த வகைதான். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த சண்டைகளால் உண்டான பிரிவுகளை நம் தலையில் ஏன் சுமக்கிறோம்?

கேட்பது சுலபம். பதில் வர 28 வருஷம் ஆயிற்று. பேராயர் தேவையா இல்லையா என்பதில் மட்டும் கமிட்டிகள் கூடிக் கூடிக் கலைந்தன. ஆங்கிலிக்கன் சபைக்குப் பேராயர் இல்லாமல் சபையே இல்லை. காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபையாகச் சேர்ந்திருந்தன. அவர்களுக்குப் பேராயர் என்ற பேச்சே ஆகாது. மெதடிஸ்டுகள் நடுவில். லண்டனிலிருந்து வேறு எதிர்ப்பு. கவிஞர் டி.எஸ். எலியட் 1943-ல் இந்த இணைப்புத் திட்டத்தைத் தாக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார். நம் ஊர் சபைக் கமிட்டி விவகாரத்தில் நோபல் பரிசு வாங்கவிருந்த ஒரு கவிஞர் தலையிட்டது அநேகமாக அந்த ஒரு முறைதான். அசரியா 1945 ஜனவரி முதல் தேதி காலமானார், பலனைப் பார்க்கவில்லை.

சுதந்திரம் வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, 1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது எங்கள் சி.எஸ்.ஐ., பிறந்தது. அன்றே 9 பேர் புதிதாகப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து சபையின் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரியான லெஸ்லி நியூபிகின். பேராயர் முறையே வேண்டாம் என்ற பாரம்பரியத்தில் வந்தவர். பின்னால் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தவரும் அவர்தான்.

எல்லாரும் அறிந்த கதை. அவர்கள் எழுதிவைத்த விதிகளை நம்மில் படித்தவர்கள்தான் குறைவு. பேராயர் முறையை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் பேராயர் ஏன் வேண்டும் என்பதற்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்பவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று எழுதினார்கள். பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்களை அப்படியே ஏற்றார்கள். மறுபடி பட்டம் கொடுத்து அவமானப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கையால் பட்டம் என்று வைத்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்தபின் ஞானஸ்நானம் இரண்டுக்கும் இடம் விட்டார்கள். முக்கியமாக, ஒரு சபையின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆயரையோ ஆராதனை முறையையோ அதன்மேல் திணிப்பதில்லை என்று உறுதிமொழி கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த 28 வருஷத்தின் சாறு இந்த உறுதிமொழிதான். ஒருவரை ஒருவர் சம்மதிக்கவைத்து முடித்துவிட்டுச் சேரவில்லை. சம்மதிக்காத இடங்களைத் தெளிவாகக் குறித்துக்கொண்டு சேர்ந்தார்கள்.

வராதவர்களும் உண்டு. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகள் வெளியே நின்றன. 1970-களில்தான் உள்ளே வந்தன. தமிழ் லூத்தரன் திருச்சபையும் பாப்டிஸ்டுகளும் சேரவில்லை. சேராத லூத்தரன்காரரோடு சேர்ந்தே மதுரை அரசரடியில் 1969-ல் இறையியல் கல்லூரியை நடத்தத் தொடங்கினார்கள். இணைப்புக்குச் சம்மதிக்காதவரோடு ஆயர்களுக்குப் பாடம் சொல்லித்தரச் சம்மதம் கிடைத்திருக்கிறது, பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகள் 1947-லேயே நம்மோடு சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் முதல் பேராயர். ஆனால் இலங்கைச் சபைகள் தங்களுக்குள் ஒன்றாகப் போட்ட திட்டம் 1970-களில் நீதிமன்ற வழக்கில் மாட்டி நின்றேபோயிற்று. கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்துப் பெரியவர்களில் யாராவது அந்தக் கதை தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். தோற்ற கதையிலும் பாடம் உண்டு.

சி.எஸ்.ஐ.யைப் புகழ்ந்து தள்ளுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்கள் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் உங்களுக்கும் தெரியும், பேப்பரில் வருகிறது. எழுபத்தைந்து வருஷம் தாண்டியும் "நாங்க எல்.எம்.எஸ்., அவங்க எஸ்.பி.ஜி." என்று பழைய மிஷன் பெயர்கள் பெண் பார்க்கும்போது மட்டும் ஞாபகம் வருகிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அதன் அடியில் இருப்பது என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாதி. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் நின்றதை நாடே பேசியது. ஒரே சபை, ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே திருப்பலி, நடுவே சுவர். கல்லறை விதிகளைப் பற்றிப் பேசும்போது உபதேசத்தை முன்னால் நிறுத்துகிறோம்; பல இடங்களில் பின்னால் நிற்பது இதுதான். நம் சபைகளில் பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த குடும்பங்கள்தான் என்பதால் நமக்கு இது இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. சேரிக்குள்ளும் மேல் கீழ் பார்க்கிறோம்.

இந்த மாவட்டத்தில் சபை பேதம் பார்க்காமல் நடந்த ஒரு வேலையும் ஞாபகத்துக்கு வருகிறது. திருவள்ளூருக்குப் பக்கத்து இக்காட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆதம் ஆண்ட்ரூ. திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இருந்தது. நிலமில்லாமல் பண்ணையடிமையாகக் கிடந்த பறையர் குடும்பங்களின் நிலைமையை இருவரும் எழுதினார்கள், அரசாங்கத்தின் காதில் போட்டார்கள். 1891-ல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கை, 1892-ல் அரசாணை, அதிலிருந்து வந்ததுதான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பேராயர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அந்த இருவருக்கு நடுவில் இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. பஞ்சமி நிலத்தில் எவ்வளவு இன்று யார் கையில் என்பது தனிக் கதை; அதை இந்த மடலில் எடுக்கவில்லை.

நாமும் ஒருமுறை கூடினோம். 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். 2004-ல் சட்டத்தை அரசு திரும்பப் பெற்றது. பந்தலைப் பிரித்தவர்கள் நாற்காலியோடு ஒற்றுமையையும் வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடி விழும்போது மட்டும் சேருகிற பழக்கம் எனக்கு உவப்பாயில்லை. அடி நின்றதும் பழையபடி மேடையில் ஒருவர் சபையை ஒருவர் பாபிலோன் என்பதும், பதிலுக்கு அவர்கள் இவர்களை ஆடு திருடிகள் என்பதும் தொடங்கிவிடுகிறது.

ஆடு திருட்டு என்ற பேச்சை எடுத்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சபை மாறுவது அவர் உரிமை. தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை, ஆசையும் இருக்கக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் ஜெபிக்கப் போகிற இடத்தில், "உங்க சபையில இருந்துதான் இந்த வியாதி" என்று நோயாளியின் காதில் ஓதுவது எந்த வேதத்திலும் இல்லை. மறுபக்கமும் கேளுங்கள். அந்த நோயாளியின் சொந்தச் சபையிலிருந்து அதுவரை யாராவது வார்டுக்குப் போனார்களா? மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊரில், நைட் டூட்டி முடிந்து காலையில் நேராகப் போய் ஜெபித்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் பெந்தெகொஸ்தேக்காரர்கள்தான். நான் கண்ணால் கண்டது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வராதவரின் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. அவர் ஓவர்டைம் போனாரா, படுத்திருக்கிறாரா என்று எழுத அதில் பத்தி இல்லை. என் யோசனை சின்னது. வேறு சபையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தால், சேர்த்துக்கொள்கிற சபை பழைய சபைக்கு ஒரு போன் போடட்டும். போன் வந்ததும் பழைய சபை அவரைச் சபிக்காமல் இருக்கட்டும்.

கல்யாணத்தில் சிக்கல் பாதி அறியாமையால் வருகிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கல்யாணம் நடத்த எல்லா பாஸ்டருக்கும் லைசென்ஸ் இருப்பதில்லை. இல்லாதவர் நடத்திய கல்யாணத்துக்குப் பதிவில் இழுபறி ஆகும். பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான் பெண்ணும் மாப்பிள்ளையும் முழிக்கிறார்கள். கத்தோலிக்கப் பக்கம் பெண்ணோ மாப்பிள்ளையோ இருந்தால் அவர்களுடைய மறைமாவட்ட ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், உண்மை. ஆனால் மற்றவர் மதம் மாறியே ஆகவேண்டும் என்று இல்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முயல்வேன் என்று கத்தோலிக்கர்தான் வாக்குக் கொடுக்கிறார்; 1970-ல் ஆறாம் பவுல் திருத்தந்தை வகுத்த ஒழுங்கின்படி மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை. சி.எஸ்.ஐ.யில் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே ஏற்கிறது. நம் வீடுகளில் இதெல்லாம் தெரியாமலே நிச்சயதார்த்தம் முறிந்திருக்கிறது. ஓலை வாசிக்கும் முன்பே இரண்டு பக்கத்துக் குருவையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் பாதி அழுகை மிச்சம்.

பைபிள் விஷயத்தில் நம் பெரியவர்கள் வழிகாட்டிவிட்டார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டுகளும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வந்தது. பாட்டுக்கும் வேலி இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை அவர் லூத்தரன் என்று தெரியாமலே எல்லாரும் பாடுகிறோம். கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ் அவர்களின் பாட்டு ஓடாத சி.எஸ்.ஐ. வாலிபர் கூட்டம் எது? எழுத்துக்கும் ராகத்துக்கும் கிடைத்த சலுகை பிணத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே கல்லறை. சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளைக் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்த ஒரு போர்டுதான் பல காலமாக நடத்துகிறது. இடநெருக்கடி, குடும்பக் குழியைத் திரும்பத் திறப்பது, அடுக்குக் கல்லறை என்று அவர்களுக்கும் தலைவலிகள் உண்டு. ஆனால் செத்தவர் எந்தச் சபையில் முழுக்கு எடுத்தார் என்பது அந்தத் தலைவலிகளில் ஒன்றாக இல்லை. காசிமேடு நமக்கு ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான் கேட்பது இவ்வளவுதான். கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள், இந்த வட்டாரத்தில் வாழ்ந்து இறந்த எந்தக் கிறிஸ்தவருக்கும், அவர் குடும்பம் கேட்டால், குழிவெட்டுக் கூலியும் பராமரிப்புத் தொகையும் மட்டும் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கட்டும். சந்தா பாக்கியைப் பிணத்திடம் வசூலிக்கவேண்டாம். அடக்க ஜெபம் குடும்பம் விரும்பும் ஊழியர் செய்யட்டும்; அவர் பங்குக்கு, அந்தக் குழியின் ஓரத்தில் நின்று அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரச் சபையைத் திட்டாமல் இருக்கட்டும். சிலுவை நடுவதா, மாதா சொரூபம் வைப்பதா, ஒன்றுமே வேண்டாமா என்பது குடும்பத்தின் இஷ்டம். இடம் போதாது என்ற கவலை நியாயமானது. அதற்கு ஆளுக்கொரு மனுவாக அலையாமல், எல்லாச் சபையும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் போவோம். தேர்வாய் கண்டிகை வரை கம்பெனிகளுக்கு நிலம் ஒதுக்கிய அரசு, அந்தக் கம்பெனிகளில் உழைத்துச் சாகிறவர்களுக்கும் ஆறடி ஒதுக்கட்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன்களை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருப்பார்கள்; சிலர் ராஞ்சியில் 1845-ல் வந்திறங்கிய கோஸ்னர் மிஷன் வழி லூத்தரன்கள், சிலர் கத்தோலிக்கர். ஊரில் தனித்தனிக் கோயில். இங்கே சாதரி மொழியில் ஒரே பாட்டு. தமிழ் தெரியாததால் நம் சண்டை எதுவும் அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. அவர்களில் ஒருவன் ஃபர்னஸ் பக்கத்தில் விழுந்து இறந்தால் ஊருக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்கு ஆகிற செலவைக் காண்ட்ராக்டர் கொடுக்காமல் இழுத்தடிப்பார். அப்போது எந்தச் சபை முன்னால் வரும் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு மதியம் சும்மா பூட்டிக்கிடக்கும் கோயில் கட்டடத்தை அவர்கள் பாடுவதற்குத் திறந்துவிட முடியுமா என்றும் யோசியுங்கள். சாவி பெரும்பாலும் உங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். 1908-ல் தொடங்கியது, இன்று உலகமெங்கும் நடக்கிறது. நம் பக்கம் அந்த வாரத்தில் ஒரு கூட்டுப் பாட்டு, ஒரு போட்டோ, ஒரு டிபன் பொட்டலத்தோடு முடிந்துவிடுகிறது. வருகிற ஜனவரியில் அதை வேறு மாதிரி செய்யலாம். எந்தக் கோயில் வளாகமும் வேண்டாம். பஜார் பக்கம் ஒரு சின்ன மண்டபம் போதும். ஏ ஷிஃப்ட் 2 மணிக்கு விடும், எனவே மதியம் 3 மணி. பி ஷிஃப்ட்காரர்கள் தங்கள் சார்பில் வீட்டம்மாவை அனுப்பலாம். அனுப்பினால் கூட்டம் இன்னும் சீக்கிரம் முடிவுக்கு வரும் என்பது என் அனுபவம். கல்லறைப் பதிவேட்டையும் பழைய தீர்மான நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். தொடக்க ஜெபம் ஐந்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம், யார் ஜெபித்தாலும். உபதேசம் பற்றிய விவாதம் அன்று இல்லை; அதற்கு ஆசைப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே டீக்கடையில் தொடரலாம், டீ என் செலவு.

இப்படிக்கு,
சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சி.எஸ்.ஐ. சபையான்